ஏரியில் பாஸ் எங்கே நிற்கும்?

கேள்வி: 2024 மார்ச் 2, சனி

டாலஸ் பக்கம் பிளேனோவில் இருக்கிறேன். டிசம்பரில் மீன்பிடிக்க ராடும் ரீலும் வாங்கினேன். ஆறு வார இறுதி லவான் ஏரிக்குப் போய்விட்டேன், ஒரு பாஸ் மீன்கூட மாட்டவில்லை. வீடியோவில் வருகிறவர்கள் எல்லாரும் படகில் போகிறார்கள். கரையில் நின்று பிடிக்கிறவர்களிடம் கேட்டால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இதில் திறமை என்று ஒன்றும் இல்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். இடம் தெரிந்தவனுக்கு மீன், தெரியாதவனுக்குக் குளிர்காற்று. தெரிந்த அண்ணன் யாராவது ஒரே ஓர் இடத்தின் பெயரைச் சொல்லுங்கள், போதும்.

பதில்: மார்ச் 2, இரவு

பெயர் சொல்ல மாட்டேன். கஞ்சத்தனம் கொஞ்சம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் சொன்னாலும் உனக்குப் பயன்படாது தம்பி.

2021-ல் கூட வேலை பார்த்த ஒருவர் எனக்கு ஓர் இடம் சொன்னார். லூயிஸ்வில் ஏரியில் ஒரு பாலம், கரையிலிருந்து மூன்றாவது தூண். அவர் அங்கே பிடித்தது ஏப்ரலில், விடிகாலையில். நான் போய் நின்றது ஆகஸ்டில், மதியம் 2 மணிக்கு. தூண் இருந்தது, மீன் இல்லை. நெருப்பெறும்புப் புற்றின் மேல் நின்றுகொண்டிருக்கிறேன் என்பது எறும்பு முழங்காலைத் தாண்டிய பிறகுதான் தெரிந்தது. அதற்கப்புறமும் அந்தத் தூணுக்கு ஒன்பது தடவை போயிருப்பேன்.

இடத்தின் பெயர் பாதித் தகவல்தான். எந்த மாதம், எத்தனை மணி, தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது, காற்று எந்தப் பக்கம் என்பது மீதி. அதை யாரும் சொல்வதில்லை. சொல்கிறவருக்கே பல நேரம் தெரியாது.

ஒன்று கேட்கிறேன். ஆறு வாரமும் எங்கே நின்றாய்? கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில், புல் வெட்டிய கரையில், மேசை போட்டிருக்கும் இடத்தில். சரிதானா?

மார்ச் 3

சரி என்று பதில் வந்திருக்கிறது. வெட்கப்படாதே, நானும் ஒரு வருடம் அங்கேதான் நின்றேன். அந்த மேசையைச் சப்பாத்தி சாப்பிடுகிறவர்களுக்காகப் போட்டிருக்கிறார்கள், மீனைக் கேட்டுப் போடவில்லை.

அடுத்த கேள்வி. நீ நின்ற இடத்திலிருந்து முப்பது அடி தள்ளி ஆழம் எவ்வளவு? அடியில் கல்லா, சேறா, சரளையா? தெரியாது என்கிறாய். அப்படியானால் அடுத்த சனிக்கிழமை தூண்டில் முள்ளே கட்டாதே. அரை அவுன்ஸ் ஈயம் மட்டும் கட்டி வீசு, அடியில் உட்கார விடு, மெதுவாக இழு. சேறு என்றால் ஈயம் வழுக்கிக்கொண்டு சத்தமில்லாமல் வரும். சரளை என்றால் ராடின் நுனியில் நறநறவென்று ஒரு நடுக்கம். கல் என்றால் டக், டக். மூழ்கிய கட்டை என்றால் இழுபட்டு நின்று, பிறகு துள்ளி விடும்.

ஆழத்துக்கு எண்ணிக்கை. மிதக்கும் படகுத்துறையின் நுனியில் நின்று ஈயத்தை நேராக இறக்கு. ஈயம் அடியைத் தொடும்போது தூண்டில் நரம்பு தளரும். அதுவரை எத்தனை எண்ணினாய் என்று பார்த்துக்கொள், நரம்பை அளந்தும் பார்த்துக்கொள். அதன் பிறகு எங்கே வீசினாலும் எண்ணு. ஒரு வீச்சில் ஆறு வந்து, பத்தடி தள்ளிப் போட்டால் பத்து வருகிறது என்றால், நடுவில் ஒரு சரிவு இருக்கிறது. பாஸ் நிற்பது பெரும்பாலும் அந்தச் சரிவில்தான்.

ஒரு காலை முழுக்க இதையே செய். பார்க்கிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஏற்கெனவே ஆறு வாரம் வெறும் தண்ணீரில் வீசியிருக்கிறாய், இன்னொரு காலையால் என்ன குறைந்துவிடும்?

மார்ச் 10

இந்த வாரம் முழுக்க ஒன்று மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊர்க் குளம். பத்து வயதில் மூங்கில் குச்சி, நெட்டித் தக்கை, கொட்டாங்கச்சியில் நாக்குப்பூச்சி. எங்கள் கூட்டத்தில் எவனும் சும்மா கிடக்கும் கரையில் தூண்டில் போட்டது கிடையாது. கெண்டைக்கு மடைவாய். குளம் பெருகிக் கலுங்கு பாயும் நாட்களில் கலுங்குக்குக் கீழே. விரால் வேண்டுமென்றால் அலைகல் சந்து, இல்லாவிட்டால் தாமரை இலை முடிந்து தெளிந்த தண்ணீர் தொடங்கும் ஓரம். யாரும் சொல்லித்தரவில்லை. அங்கே போட்டால் கடித்தது, மற்ற இடத்தில் கடிக்கவில்லை, அவ்வளவுதான். அதே நான், முப்பது வருடம் கழித்து 120 டாலருக்கு ராடு வாங்கிய அன்று அத்தனையும் மறந்து மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றிருக்கிறேன்.

விராலும் பாஸும் உறவு கிடையாது. இந்த ஊர்ப் பெரியவாய் பாஸ் சூரியமீன் குடும்பம், நம் விரால் வேறு. ஆனால் குணம் ஒன்று. நாள் முழுக்கத் துரத்தித் திரியாது. ஒளிந்து நிற்கும், முன்னால் வருவதைப் பாய்ந்து விழுங்கும். ஒளிய ஏதாவது வேண்டும், இரை கடந்துபோக வழி வேண்டும். இரண்டும் சேர்கிற இடம் ஏரியில் கொஞ்சம்தான்.

ஆகவே லவானுக்குப் போய் மடையைத் தேடு. மடை என்று பெயர் இருக்காது, சாலைக்கு அடியில் வந்து ஏரியில் விழும் சிமெண்ட் குழாயாக இருக்கும். மழைக்கு மறுநாள் அங்கே நில். அலைகல்லைத் தேடு. இங்கே ரிப்ராப் என்பார்கள், பாலங்களின் இரு முனையிலும் அணைக்கரையிலும் கொட்டியிருக்கும். அணைப் பக்கம் போகுமுன் பலகையைப் படி, சில இடத்தில் ஆள் ஏறக்கூடாது.

இன்னொன்று. அலைகல்லில் நின்றுகொண்டு ஏரி நடுவை நோக்கி வீசாதே. கரைக்கு இணையாக, கல்லை ஒட்டியே வீசு. படகில் இருக்கிறவன் எல்லாம் கரையைப் பார்த்து வீசுகிறான், கரையில் இருக்கிறவன் எல்லாம் நடுவைப் பார்த்து வீசுகிறான். இரண்டு பேருக்கும் நடுவில் மீன் நிம்மதியாக இருக்கிறது.

மார்ச் 11

விராலுக்குப் போடுவது போலத் தவளை போடவா என்று கேள்வி. இல்லை, உயிர்த் தவளையைக் கோர்க்கச் சொல்லவில்லை. ரப்பர் தவளை கடையில் தொங்குகிறது. தவளை கோர்த்ததற்கு அம்மாவிடம் அந்தக் காலத்திலேயே வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மார்ச் 17

திருத்தம். இந்த மன்றத்தின் வேறோர் இழையில் “முதல் வருடமே பாஸ் பிடித்துவிட்டேன்” என்று நான் எழுதியிருந்ததை ஒருவர் தோண்டி எடுத்து, படத்தையும் ஒட்டிவிட்டார். படத்தில் இருப்பது வெள்ளை பாஸ். இங்கே சாண்ட் பாஸ் என்பார்கள். வெள்ளி உடம்பில் நீளவாட்டில் கோடுகள். பெயரில் பாஸ் இருக்கிறதே தவிரக் குடும்பமே வேறு. கூட்டமாகத் திரியும். பிப்ரவரி, மார்ச்சில் முட்டையிட ஓடைகளில் ஏறும்போது எவன் போட்டாலும் மாட்டும். அன்று ஓடையில் என்னோடு நாற்பது பேர் நின்றார்கள், நாற்பது பேரும் பிடித்தார்கள். அதை என் திறமை என்று நினைத்து நான் ஆறு மாதம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. டெக்சஸில் அளவும் எண்ணிக்கையும் இரண்டுக்கும் வேறு. பெரியவாய் பாஸ் என்றால் பொது விதி 14 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, நாளைக்கு 5. வெள்ளை பாஸ் என்றால் 10 அங்குலம், நாளைக்கு 25. சில ஏரிகளுக்குத் தனி விதியும் உண்டு. எது என்று தெரியாமல் கூடையில் போட்டால் மீன்வள அதிகாரி வந்து விளக்கம் சொல்வார், அது செலவான வகுப்பு.

ஏப்ரல் 9

நேற்றுக் கிரகணத்துக்கு விடுப்புப் போட்டேன். வீட்டில் எல்லாரும் கொல்லைப்புறத்தில் கண்ணாடியோடு உட்கார, நான் ஏரிக்கரைக்குப் போய்விட்டேன். முழு கிரகணம் டாலஸ் வழியாகப் போவது அடிக்கடி நடக்கிற காரியமா? என் கணக்கு இப்படி: மதியம் 1.40-க்குத் திடீரென்று அந்தி வரும், அந்தியில் பாஸ் கரைக்கு வரும், மூன்று நிமிடத்துக்கு மேல் இருட்டு, இரண்டு மூன்று வீச்சு தாராளம்.

இருட்டு வந்தது. ராடு கையிலேயே இருந்தது. ஒரு வீச்சுகூட வீசவில்லை. வாயைத் திறந்து வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆகவே கிரகணத்தில் பாஸ் கடிக்குமா என்பதற்கு என்னிடம் பதில் இல்லை, அடுத்த ஆள் பார்த்துக்கொள்ளட்டும்.

உருப்படியான தகவல்: தண்ணீர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் பாஸ் முட்டையிடக் கரையோரம் வரும். வடக்கு டெக்சஸில் அது மார்ச் பாதியிலிருந்து ஏப்ரல் வரை. இரண்டு முதல் ஏழெட்டு அடி ஆழம், கெட்டித் தரை, காற்றடிக்காத குடா. ஆண் மீன் வாலால் தரையைத் துடைத்து வட்டமாக ஒரு தட்டு போலச் செய்து காவல் நிற்கும். தண்ணீரின் மேல் பளபளப்பை மறைக்கும் போலரைஸ்டு கண்ணாடி போட்டால் தெரியும். 15 டாலர் கண்ணாடியே போதும். எனக்கு ராடைவிட அதுதான் அதிகம் உதவியிருக்கிறது. குடாக்களில் வடக்குக் கரை முதலில் சூடாகும், தெற்கு வெயில் நேராக விழும், வாடைக்காற்று படாது. ஆகவே மார்ச்சில் அமைதியான வடக்குக் குடா.

காவல் நிற்கும் மீனைப் பிடித்தால் அங்கேயே உடனே விட்டுவிடு. நீ படம் எடுத்துக்கொண்டிருக்கிற நேரத்தில் சின்ன மீன்கள் கூட்டில் முட்டையைத் தின்றுகொண்டிருக்கும்.

ஏப்ரல் 21

ஏழு வாரமாகத் தப்பாக வழிகாட்டிவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது: லவானை விடு.

முதலாவது, லவான் பாஸுக்குப் பேர் போன ஏரியே இல்லை. கிராப்பி என்ற மீனுக்கும் கெளுத்திக்கும் போகிற ஏரி, தண்ணீர் கலங்கல். இரண்டாவது, இருபதாயிரம் ஏக்கரில் ஒரு மீனைத் தேடுவது புதியவனுக்குத் தண்டனை. அங்கே மீன் வராவிட்டால் இடம் தப்பா, நேரம் தப்பா, புழு தப்பா, எதுவும் தெரியாது.

குட்டைக்குப் போ. பிளேனோ, ஆலன், ஃபிரிஸ்கோ என்று எங்கே பார்த்தாலும் நகரப் பூங்காக்களில் மழைநீர் தேங்கும் குட்டைகள் இருக்கின்றன. பலவற்றில் பாஸ் உண்டு. அரை மணியில் சுற்றி வந்துவிடலாம். ஒரு குழாய்வாய், ஒரு சம்புப் புதர், ஒரு நிழல் மரம், தண்ணீர் வழிந்து போக ஒரு சிமெண்ட் வாய். மொத்த ஏரியையும் ஒரு தட்டில் வைத்துக் காட்டியது போல இருக்கும். ஒவ்வொன்றிலும் ஐந்து வீச்சு, அப்புறம் நகர். சுற்று முடித்தபின் எது கொடுத்தது என்று எழுதி வை. கடைக்கார நோட்டுப் புத்தகம் போதும்: தேதி, மணி, மேகமா வெயிலா, காற்று, எதற்குப் பக்கத்தில்.

குடியிருப்புச் சங்கத்தின் குட்டை என்றால் கேட்டுவிட்டுப் போ. கோல்ஃப் மைதானக் குட்டைக்கு வேலி ஏறாதே. எனக்கு அந்த ஆசை எப்படி முடிந்தது என்று இங்கே எழுத மாட்டேன்.

மீன்பிடி உரிமம் பூங்காக் குட்டைக்கும் வேண்டும், பதினேழு வயதுக்குக் கீழே என்றால் வேண்டாம். மாநிலப் பூங்காவுக்குள் கரையிலிருந்து பிடித்தால் யாருக்குமே வேண்டாம். ரே ராபர்ட்ஸ் ஏரியிலும், ஜோ பூல் ஏரியின் சீடர் ஹில்லிலும் அப்படிப் பூங்கா உண்டு. நுழைவுக்கட்டணம் மட்டும் கட்டவேண்டும்.

ஏப்ரல் 28

குட்டையில் 11 அங்குலம் என்று தம்பி படம் போட்டிருக்கிறார். சம்புப் புதர் மூலையாம். சிரிப்பைப் பார்த்தால் 11 பவுண்டு பிடித்தவர் மாதிரி இருக்கிறது. சரி, அந்த மூலையில் ஏன் என்று எழுது. “அதிர்ஷ்டம்” என்று எழுதினால் இழையை மூடிவிடுவேன்.

மே 12

“தண்ணீர் ஏறிவிட்டது, நான் அளந்த சரிவெல்லாம் வீண்” என்று புகார். வீண் இல்லை, தள்ளிப்போயிருக்கிறது. ஏரி ஏறினால் பாஸும் கூடவே ஏறும். நேற்று வரை புல்தரையாக இருந்த இடம் இன்று இரண்டடித் தண்ணீர், அங்கே புழுவும் பூச்சியும் மிதக்கும், சின்ன மீன் போகும், பெரியது பின்னால் போகும். போன வருடம் முழங்கால் தண்ணீரில் மூழ்கிய வில்லோ மரத்தடியில் என் பெரிய மீன்களில் ஒன்றைப் பிடித்தேன். வறண்ட நாட்களில் அந்த மரத்தில்தான் சட்டையைத் தொங்கவிடுவேன்.

மட்டம் இறங்கத் தொடங்கினால் கதை மாறும். மீன் முதல் ஆளாக ஆழத்துக்குக் கிளம்பிவிடும். ஆகவே போகும் முன் மட்டத்தைப் பார்: டெக்சஸ் நீர்வள மேம்பாட்டு வாரியம் முக்கிய ஏரிகளுக்குத் தினமும் போடுகிறது. லவானுக்கு வழக்கமான மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 492 அடி. எண்ணைவிட முந்தின வாரத்தோடு ஒப்பிட்டு ஏறுமுகமா இறங்குமுகமா என்பதுதான் முக்கியம்.

தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க இரண்டு வழி இருக்கிறது. இதைச் சொல்லாமல் மூன்று வருடமாகப் பதுக்கி வைத்திருந்தேன்.

ஒன்று, கூகுள் எர்த்தில் பழைய படங்கள். 2011-ல் டெக்சஸில் கடும் வறட்சி, அதன் பின்னும் 2015 மே வெள்ளம் வரை பல ஏரிகள் எலும்பாகக் கிடந்தன. அந்த வருடங்களின் படத்துக்குப் போ. இன்று நீ வீசும் தண்ணீர் அங்கே வெறும் மண். ஓடை வளையும் இடம், கல் குவியல், யாரோ விட்டுப்போன வேலிக்கம்பம், பழைய சாலை எல்லாம் பட்டப்பகலில் கிடக்கும். கரையிலிருந்து வீச்சுத் தூரத்தில் வருவதை மட்டும் குறித்துக்கொள்.

இரண்டு, அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் பழைய நில வரைபடங்கள், இலவசமாகவே கிடைக்கின்றன. இந்தப் பக்கத்து ஏரிகள் எல்லாம் ஆற்றை மறித்துக் கட்டியவை. லூயிஸ்வில், லவான், கிரேப்வைன் மூன்றுமே 1950-களின் வேலை. அணைக்கு முந்தின வரைபடத்தில் அந்த ஆறு, அதில் சேரும் ஓடைகள், பண்ணைக் குட்டைகள் இருக்கும். லவானில் 1970-களில் அணையை உயர்த்தி மட்டத்தைக் கூட்டினார்கள், ஆகவே 1960-களின் வரைபடத்தில் உள்ள ஏரிக்கரையே இன்று தண்ணீருக்குள் இருக்கிறது. எனக்கு இதில் ஒரு கிறக்கம். ஒரு ராத்திரி 2 மணி வரை வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தேன், மனைவி வந்து “மனை வாங்கப் போகிறீர்களா?” என்று கேட்டாள்.

மே 14

“எங்கள் ஊர் ஏரிகளில் இது பலிக்காது” என்று மினசோட்டாக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சரி. அவர் ஊர் ஏரிகள் பனியாறு விட்டுப்போனவை, அடியில் பழைய சாலை எல்லாம் கிடையாது. அங்கே பாசி ஓரம்தான் எல்லாம். நான் எழுதுவது இந்த ஊர் ஆற்றுத்தேக்கங்களுக்கு.

ஜூன் 1

இலவச மீன்பிடி நாள், ஜூன் முதல் சனி, இன்று உரிமமே வேண்டாம். குட்டையைச் சுற்றித் திருவிழாக் கூட்டம். ஒரு சின்னப் பெண், ஆறு வயது இருக்கும், ஹாட் டாக் துண்டைக் கோர்த்து, அவள் அப்பாவின் காலடியில், கரையிலிருந்து இரண்டடியில் போட்டாள். பதினாறு அங்குலம். நான் நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூன் 2

விடிந்ததும் நினைத்துப் பார்த்தேன். இரண்டடியில் ஏன் நின்றது? அப்பாவின் காலுக்கு அடியில் சிமெண்ட் படி, படிக்கு அடியில் மண் அரித்து ஒரு பொந்து. நான் அந்தப் படியில் நின்றுதான் பத்து தடவை தூரத்தில் வீசியிருக்கிறேன். இனிமேல் கரைக்குப் போனதும் முதல் வீச்சு காலடியில். விளிம்பில் நின்றபடி இல்லை, பத்தடி பின்னால் நின்று.

ஜூலை 20

104 டிகிரி. ஆழமான ஏரிகளில் கோடையில் தண்ணீர் அடுக்காகப் பிரியும், கீழ் அடுக்கில் பிராணவாயு தீர்ந்துவிடும். “வெயிலில் மீன் ஆழத்துக்குப் போகும்” என்று நான் முன்பு எங்கோ எழுதியது அரைகுறை. மூச்சுவிட முடிகிற ஆழம் வரைதான் போகும். கரைக்காரனுக்கு விடை எளிது: விடிவதற்கு முன் ஒரு மணி நேரம், அல்லது ராத்திரி. மதியம் போனால் நிழல் மட்டும். படகுத்துறையின் அடி, பாலத்தின் நிழல் விளிம்பு. தண்ணீர்ப் பாம்பைப் பார்த்துக் கால் வை, இங்கே காட்டன்மௌத் விஷம்.

செப்டம்பர் 2

கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உரிமம் ஆகஸ்ட் 31-ஓடு முடிந்துவிட்டது, புதுப்பித்துக்கொண்டு நேற்று என் குழாய்வாய்க்குப் போனேன். ஏழு கார். கரையெல்லாம் நரம்புச் சிக்கல், குடித்துப்போட்ட டப்பா. ஜூலையில் ஒரு வாட்ஸாப் குழுவில் ஒரே ஒரு படம் போட்டேன், பின்னால் தண்ணீர்த்தொட்டி தெரிந்தது. அந்தத் தொட்டியை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்கள். குற்றவாளி நான்தான், அதுதான் எரிச்சல்.

சிக்கலை எல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்தேன். ஒரு மளிகைப்பை நிறைய.

அக்டோபர் 19

இப்போது காற்றைத் தேடிப் போ. மூன்று நாள் ஒரே பக்கம் காற்றடித்தால் மிதவை நுண்ணுயிர் எல்லாம் எதிர்க்கரையில் குவியும், ஷாட் என்ற இரைமீனின் குஞ்சுகள் அதைத் தின்ன வரும், பாஸ் பின்னால் வரும். இலையுதிர் காலத்தில் ஷாட் கூட்டம் ஓடைகளின் உள்முனை வரை ஏறுகிறது. தண்ணீரின் மேல் மழைத்துளி விழுவது போலப் புள்ளி புள்ளியாகத் துடித்தால் அது ஷாட். நீல நாரை நின்றால் நீயும் அங்கே நில், அது நாள் முழுக்க வேலைக்கு வந்திருக்கிறது, உன்னைப் போலப் பொழுதுபோக்குக்கு இல்லை.

அக்டோபர் 20

“ஏப்ரலில் காற்றடிக்காத குடா என்றீர்கள், இப்போது காற்றடிக்கும் கரை என்கிறீர்கள், எது உண்மை?” இரண்டும். அப்போது அதற்குத் தேவை சூடும் கூடும், இப்போது தேவை சோறு. தை மாதமும் ஆடி மாதமும் நீ ஒரே அறையிலா படுக்கிறாய்?

அக்டோபர் 23

என்ன போடுவது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஐந்து அங்குல ரப்பர் புழு, டெக்சஸ் ரிக் என்ற கட்டு: தோட்டா வடிவ ஈயம், முள்ளின் நுனி புழுவுக்குள் புதைந்திருக்கவேண்டும், அப்போதுதான் கட்டையில் சிக்காது. கலங்கல் தண்ணீருக்குக் கறுப்பும் நீலமும், தெளிவுக்குப் பச்சைப்பூசணி நிறம். இதற்குமேல் பெட்டி பெட்டியாக வாங்காதே. என் பெட்டியில் இருக்கும் 60 பொய் இரைகளில் 50 என்னைப் பிடிக்கத்தான் செய்திருக்கிறார்கள்.

2025 ஜனவரி 11

குளிர், யாரும் போகவில்லை, ஆகவே பேச்சு ஃபோர்க் ஏரிக்குப் போய்விட்டது. டாலஸுக்குக் கிழக்கே ஒன்றரை மணிநேரம். பெரியவாய் பாஸில் டெக்சஸ் மாநிலச் சாதனை, 18.18 பவுண்டு, 1992 ஜனவரியில் அங்கே மாட்டியது. ஆமாம், ஜனவரியில்தான், குளிர் என்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் நமக்கு இது தேவைதான். அந்த ஏரியில் 1980-ல் அணை மூடும் முன்பே அங்கிருந்த குட்டைகளில் பெரிதாக வளரும் புளோரிடா வகை பாஸ் குஞ்சுகளை விட்டார்கள், மரங்களில் பெரும்பகுதியை வெட்டாமலே மூழ்கவிட்டார்கள். அதாவது “இடம்” என்பதையே ஏரி அளவுக்குச் செய்து வைத்திருக்கிறார்கள். உலகச் சாதனை 22 பவுண்டு 4 அவுன்ஸ், 1932-ல் ஜார்ஜியாவில். அதைச் சமன் செய்தது 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில்.

பாஸில் குழம்பு வைக்கலாமா என்று கேட்டவருக்கு: ஒரு தடவை வைத்தோம். சதை வெள்ளை, முள் குறைவு, புளியும் மிளகாயும் தனியாக நின்றன, மீன் தனியாக நின்றது. வறுத்தால் பரவாயில்லை. அன்றிலிருந்து விட்டுவிடுகிறேன்.

பிப்ரவரி 22

தம்பி படம் போட்டிருக்கிறார். ஐந்தே முக்கால் பவுண்டு, கரையிலிருந்து. பின்னணி முழுக்க வெட்டி எடுத்திருக்கிறார், மீன், இரண்டு கை, கொஞ்சம் வானம். எங்கே என்று நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். “டெக்சஸ்” என்று பதில்.

போன மார்ச்சில் ஒரே ஓர் இடத்தின் பெயர் கேட்டவர் இவர்தான்.

படத்தை இரண்டு தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். இடது கை மணிக்கட்டுக்குக் கீழே, வெட்டியும் தப்பித்த ஒரு துண்டில், சிமெண்ட் விளிம்பும் அதில் துருப்பிடித்த ஒரு கம்பியும் தெரிகின்றன. அந்தக் கம்பியில் என் முள் மூன்று போயிருக்கிறது. மழைக்கு மறுநாள்தானே போனாய்? எந்த நிறப் புழு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போ.